அல்சூருக்கு எந்தச் சைக்கிள் பாதை? மனு எழுதும் முன் ஒரு ஒப்பீடு

இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு எங்கள் வாட்ச்மேன் அண்ணன் சைக்கிளை எடுப்பார். கேரியரில் டிபன் தூக்கு, ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை. பின் மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்து இப்போது பாதிதான் மிச்சம். வீடு டேனரி ரோட்டுப் பக்கம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் அண்ணாசாமி முதலியார் சாலையில், தாருக்கும் சாக்கடைப் பலகைக்கும் நடுவே ஒரு முழ அகலம் இருக்கிறதே, அதில்தான் ஓட்டுவார். பலகை எங்காவது பெயர்ந்து கிடந்தால் இறங்கித் தள்ளுவார். மறுபடி ஏறுவார். பின்னால் வரும் டெம்போ ஹாரன் அடித்தால் காலை ஊன்றி நின்றுவிடுவார்.

இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு கொடுக்க முடிவு செய்தோம். சாலைக்குச் செலவிடும் பணத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று கேட்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. எதைக் கேட்பது என்று வந்தபோதுதான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். ரோட்டோரம் பச்சை பெயிண்ட் அடித்தால் போதும் என்றார் ஒருவர். அவுட்டர் ரிங் ரோட்டில் நட்டதுபோல் பொல்லார்ட், அதாவது வரிசையாகக் குட்டைக் கம்பங்கள், நட வேண்டும் என்றார் இன்னொருவர். கான்கிரீட் கர்ப், அதாவது உயர்ந்த ஓர வரம்பு, வைத்த தனிப்பாதை இல்லாமல் பேச்சே இல்லை என்று ஒரு இளைஞர். முதலில் பிளாட்பாரத்தைச் சரிபண்ணட்டும், சைக்கிள் அப்புறம் என்றார் எங்கள் மூன்றாம் மாடிப் பாட்டி. ஒரு மாதமாக இவை ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்தேன், கிடைத்ததைப் படித்தேன். எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது.

முதலில் எதற்காக இவ்வளவு அலசல் என்று சொல்லிவிடுகிறேன். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் வருகிறது. யாரையும் இடிக்காமல், புகை விடாமல் போனவர்கள் இவர்கள்.

சரி, பெயிண்டில் தொடங்குவோம். மலிவானது, ஒரே இரவில் முடிந்துவிடும். மாநகராட்சியும் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும். ஆனால் பெங்களூரில் இது ஏற்கனவே நடந்து பார்த்த கதை. 2012-இல் ஜெயநகரில் சைக்கிள் பாதைகள் வந்தன. அகலமான தெருக்கள், மரநிழல், பள்ளிக்கூடங்கள், சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் குடும்பங்கள் எல்லாம் இருந்த பேட்டை அது. இந்த நகரத்தில் எங்காவது கோடு மட்டும் போதும் என்றால் அங்கேதான் போதுமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளிலேயே பாதைமேல் கார்கள் நின்றன. சைக்கிளில் வந்தவர் நின்ற காரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வர வேண்டியதாயிற்று. கோடே இல்லாத தெருவில் பின்னால் வருபவர் கொஞ்சம் நிதானிப்பார். கோடு இருந்தால், உன் இடம் அங்கே இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறாய் என்று ஹாரன் அடிப்பார். பெயிண்டைக் கேட்டு வாங்கிவிட்டால் அல்சூருக்குச் சைக்கிள் பாதை கொடுத்தாயிற்று என்று ஃபைலை மூடிவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம். அடுத்த பத்து வருஷத்துக்கு நாம் வாய் திறக்க முடியாது. அதனால் பெயிண்டை மட்டும் கேட்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பொல்லார்ட் விஷயம் இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. 2020-இல் ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம், டல்ட் என்று எல்லோரும் சொல்கிறோமே அது, அவுட்டர் ரிங் ரோட்டின் ஓரத்தில் பொல்லார்ட் நட்டுச் சைக்கிளுக்கு இடம் பிரித்தது. நிலம் எடுக்கவில்லை, ரோட்டைத் தோண்டவில்லை. வேலை சட்டென்று நடந்தது. ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள் மட்டுமில்லாமல் கட்டட வேலைக்காரர்களும் வாட்ச்மேன்களும் அதில் ஓட்டினார்கள். அந்த ரோட்டில் சைக்கிளுக்கு ஒரு இடம் பிரிக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை யாரும் மறுக்க முடியாது. பொல்லார்டின் மதிப்பு அதுதான்.

அப்புறம் கம்பங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. பஸ் ஸ்டாப் வரும் இடத்தில் இடைவெளி, கிளைத்தெரு சேரும் இடத்தில் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக பைக்குகள் நுழைந்தன. மெட்ரோ வேலையும் வந்து சேர்ந்தது. பொல்லார்டை நட்டவுடன் செலவு முடிந்தது என்று நினைத்தால் இதுதான் நடக்கும். வாரம் ஒருமுறை ஒரு ஆள் வந்து, எது சாய்ந்தது, எது காணோம் என்று எண்ணி மாற்ற வேண்டும். அந்த ஆளுக்கும் மாற்றுக் கம்பத்துக்கும் பட்ஜெட்டில் தனி வரி இருக்க வேண்டும். அது இருந்தால் பொல்லார்ட் ஒரு நல்ல ஒத்திகை. ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம், எங்கே பைக் நுழைகிறது, எங்கே கடைக்காரருக்குச் சரக்கு இறக்க இடம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம், தப்பாக இருந்தால் நகர்த்தலாம். நிரந்தரத் தீர்வாக மட்டும் அதைக் கேட்க வேண்டாம்.

கர்ப் வைத்த பாதையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வண்டி ஓடும் தளத்திலிருந்து உயர்த்தி, கல் வரம்பு கட்டி, நடைபாதையை ஒட்டி ஓடும் பாதை. கார் தவறிக்கூட ஏறாது, பெயிண்ட் மாதிரி அழியாது, கம்பம் மாதிரி உடையாது. எட்டு வயதுப் பிள்ளையை நம்பி அனுப்பக்கூடிய ஒரே வடிவம் இதுதான். என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அவள் சைக்கிள் கேட்டு இரண்டு பொங்கல் போய்விட்டது. வாங்கித் தர காசில்லாமல் இல்லை. ஓட்ட இடம் காட்ட முடியாமல் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஆனால் கர்ப் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த மாதிரி கர்ப் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அகலம் இரண்டு மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் காய்கறிக் கூடை கட்டிய சைக்கிளை இன்னொரு சைக்கிள் தாண்ட முடியாது, எல்லோரும் மறுபடி ரோட்டில் இறங்கிவிடுவார்கள். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. பெங்களூரில் ஏப்ரல், மே மாதத்து மாலை மழை அரை மணி நேரம் கொட்டினாலே தெரு ஓடையாகிவிடும். பாதையைச் சரிவாகப் போட்டு, தண்ணீர் சாக்கடைக்குள் இறங்க வழி விடாவிட்டால், கர்ப் ஒரு கரை மாதிரி நின்று தண்ணீரைத் தேக்கும். அப்போது கர்பை உடைக்க முதலில் கடப்பாரையோடு வருவது நாமாகவே இருப்போம். பைக் நுழைவதைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். சக்கர நாற்காலி போகிற அளவுக்கு வழி விட்டால் பைக்கும் போகும். இதற்கு மந்திரக்கோல் எதுவும் இல்லை. நடைபாதை உயரத்திலேயே பாதையையும் வைத்து, நுழையும் வழிகளைச் சிக்னல் உள்ள சந்திப்புகளில் மட்டும் விட்டால், போலீஸ்காரர் நிற்கும் இடத்தில்தான் பைக் ஏறியாக வேண்டும். இப்போதைக்கு அதுதான் நடைமுறையில் முடிந்தது.

வாட்ச்மேன் அண்ணனிடம் இந்தப் பாதைகளின் படத்தையெல்லாம் காட்டிக் கேட்டேன். பாதையின் நிறம், அகலம், உயரம் எதையும் அவர் கேட்கவில்லை. “சார், நேரா போறதுல எனக்குப் பயம் இல்ல. அந்த முனையில லெஃப்ட் அடிக்கிற வண்டி நம்மளப் பாக்க மாட்டான் சார். அங்கதான் ரெண்டு தடவ விழுந்தேன்” என்றார். முழங்கையில் இருந்த தழும்பைத் திருப்பிக் காட்டினார். அதுவரை நான் கிலோமீட்டர் கணக்கில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் பார்த்த பாதைகள் எல்லாம் நடுவில் அழகாக இருந்துவிட்டு, சந்திப்பு வரும்போது மறைந்துபோகின்றன. சைக்கிள்காரர் கீழே விழுவது அந்த மறையும் இடத்தில்தான். ஆகவே கர்ப் பாதை கேட்டால் சந்திப்பையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். முனையை வளைவாக அகட்டி விடாமல் குறுக்கிக் கட்ட வேண்டும், அப்போதுதான் திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பாதையும் நடைபாதையும் கிளைத்தெருவின் வாயில் இறங்காமல் அதே உயரத்தில் தாண்டிப் போக வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் பாதையும் இல்லாத சந்திப்பும் வேண்டுமா, அல்லது ஒரு கிலோமீட்டர் பாதையும் அதில் உள்ள எல்லாச் சந்திப்பும் வேண்டுமா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பாட்டி சொன்ன பிளாட்பாரத்துக்கு வருகிறேன். அளவு நாடாவோடு போய்ப் பார்த்தேன். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், கர்ப் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் முனையில் பிளாட்பாரம் அகலமாகத்தான் தெரிகிறது. ஆனால் மின்பெட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாடாவை வைத்தால் 60 சென்டிமீட்டர். உயரம் 31. பாட்டி அதில் ஏறுவதற்கு ஒரு கையால் மின்பெட்டியைப் பிடிக்கிறார். மழைக்காலத்தில் அதைப் பிடிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்கிறோம். பிறகு எதைப் பிடிப்பார்? ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. பாட்டி கேட்பது சலுகை இல்லை.

சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள பஜார் தெருக்களிலும் எங்கள் உள்தெருக்களிலும் தனிப்பாதைக்கு இடமே கிடையாது. ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ உரசிக்கொண்டு போகும் தெருக்கள். பூப்பல்லக்கு வரும் தெருவில் கம்பமோ கர்ப்போ நடவும் முடியாது, நடவும் வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது வேகக் குறைப்பு. வண்டிகளின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடப்பவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்சம் என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் வற்புறுத்தியது. முப்பது என்று போர்டு வைத்தால் யாரும் பார்க்கப் போவதில்லை. தெருவே அந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் அதற்குச் சரிப்படாது. வெள்ளைக் கோடுகூட இல்லாமல் இருட்டில் கிடக்கும் அந்த மேட்டில் முதலில் முதுகொடிவது சைக்கிள்காரருக்குத்தான். அதற்குப் பதிலாக ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை உயரத்துக்கு ஒரு மேடையாகத் தூக்கிவிடலாம். மேலே தட்டையாக, இரண்டு பக்கமும் மெதுவான சரிவாக இருந்தால் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும், கார் வேகம் குறைக்கும், பாட்டி ஏறி இறங்காமல் கடப்பார். செலவும் சந்திப்புக்குச் சந்திப்பு என்று கணக்குப் பண்ணக்கூடிய சிறு செலவு.

ஒட்டுமொத்தமாக டெண்டர் ஷ்யூர் சாலையே கேட்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. செயின்ட் மார்க்ஸ் ரோடு, ரெசிடென்சி ரோடு, விட்டல் மல்லையா ரோடு எல்லாம் அப்படிச் செய்யப்பட்டவை. குடிநீர்க் குழாய், மின்கேபிள் எல்லாவற்றையும் நடைபாதைக்கு அடியில் முறையாக வைத்துவிடுவதால் மறுபடி மறுபடி தோண்ட வேண்டியதில்லை. அந்த நடைபாதையில் நடப்பதே ஒரு சுகம். ஆனால் பணமும் அதிகம், வருஷமும் அதிகம். ஏரிக்கரைச் சாலையை எப்போதாவது முழுக்கத் தோண்டினால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று மனுவில் ஒரு வரி எழுதிவைக்கலாம். அதற்காகக் காத்திருக்க முடியாது.

பணம் என்றதும் எல்லோரும் மாநகராட்சியிடம் எங்கே இருக்கிறது என்பார்கள். ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்குப் போட்டிருக்கும் மதிப்பீடு 17,000 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு ஒரு கோடி. அது வேறு அரசு அமைப்பின் திட்டம், வேறு கணக்கு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஊரில் சாலைக்குப் பணம் இல்லை என்ற பேச்சை இனி நான் ஏற்க மாட்டேன். சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துப் பட்ஜெட்டில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதியது. 2019-இல் பாண்டி பஜாரில் வந்த அகல நடைபாதை வளாகம் அதற்குப் பிறகு நடந்தது. கொள்கையில் எழுதியதெல்லாம் தெருவில் வந்துவிட்டதா என்பது வேறு. எழுதிவைத்தால்தான் பிடித்துக் கேட்க ஒரு காகிதம் இருக்கும். நம் மாநகராட்சியிடம் அப்படி ஒரு காகிதம் இருப்பதாக என் கண்ணில் படவில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். பார்க்கிங் போனால் வியாபாரம் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி முப்பது வருஷமாகக் கடனுக்கு அரிசி கொடுத்தவர். ஒரு சாயங்காலம் அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்து, அவரையே சாட்சி வைத்து, உள்ளே வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று நோட்டில் கோடு கிழித்தோம். நடந்து வந்தவர்களுக்கு ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. காரில் வந்தவர்களுக்கு ஒரு வரி. “பாதி காரு எதிர் ஆபீஸ்காரங்களோடது தம்பி, காலைல வச்சா ராத்திரிதான் எடுப்பாங்க” என்று அவரே சொன்னார். சரக்கு இறக்கக் காலை ஆறிலிருந்து எட்டு வரை இடம் விட்டால் தனக்கு ஆட்சேபமில்லை என்றார். மனுவில் அதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆக, நான் சொல்வது இது. உள்தெருக்கள் முழுக்க வேகக் குறைப்பு, மேடை கிராசிங், தடையில்லாத நடைபாதை. ஏரிக்கரைச் சாலையில் மட்டும் கர்ப் பாதை, ஒவ்வொரு சந்திப்பும் சேர்த்து. அது வரும்வரை அதே இடத்தில் ஆறு மாதம் பொல்லார்ட் ஒத்திகை, பராமரிப்புப் பணத்தோடு. மெதுவான தெருக்களே சைக்கிளுக்கு வலைப்பின்னல் ஆகிவிடும், தனிப்பாதை அவற்றைக் கோக்கும். ஸ்பெயினில் செவில் நகரம் சில ஆண்டுகளுக்குள் எண்பது கிலோமீட்டர் தனிப்பாதையை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. நமக்கு அந்த அகலம் இல்லை. இணைக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

மனுவை எழுதும் விதமும் முக்கியம். 2020 செப்டம்பரில் பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேல் போய்ப் பார்க்க ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லாமல் இருந்தோம். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே பெங்களூர் மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்தன, நாம் மத்திய மாநகராட்சியில் வருகிறோம். அதிகாரிகளின் நாற்காலியே புதிது, அதனால் பொதுவாக எழுதினால் மனு ஒவ்வொரு மேஜையாகச் சுற்றும். எங்கிருந்து எங்கே என்று தெருப்பெயர் வேண்டும், அளந்த அளவுகள் வேண்டும், கட்டும் செலவு ஒரு வரியிலும் வருடாந்திரப் பராமரிப்பு இன்னொரு வரியிலும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் குறிப்பிட வேண்டும். 2019 திருத்தத்தில் வந்தது இது. தரத்தைப் பின்பற்றாமல் கட்டிய சாலையால் உயிரோ உறுப்போ போனால், கட்டிய, பராமரிக்கும் பொறுப்புள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. வேக வரம்பும் சிக்னலும் போக்குவரத்துப் போலீஸின் கையில் இருப்பதால் ஒரு நகல் அவர்களுக்கும் போக வேண்டும். மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள் வந்துவிடும் என்பதால் பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழேகாலுக்குத் தமிழ்ச் சங்க வாசலில் கூடுகிறோம். முப்பது மீட்டர் நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று யாராவது கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அளந்துவிடலாம். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஏழு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், விழுந்த முனையைக் காட்ட.